சூசையப்பருக்கு ஒரு தலை

பைபிளில் ஒரு வார்த்தைகூடப் பேசாதவர், ஏசுவை வளர்த்த சூசையப்பர். அவர் முகத்துக்கு மாதிரியாக சூளைக்காரி தன் புருஷனைப் பிடித்து உட்கார வைத்தாள். வேறு யார் கிடைப்பார்கள்? தாடி இருக்கிறது, கூலி கேட்க மாட்டார், நாள் முழுக்க வீட்டில்தான் கிடக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்தான் நின்றது, வாய் நிற்கவில்லை.

பூந்தொட்டியும் குளியலறை ஓடும் சுட்டுச் சுட்டே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. இப்போதுதான் கோயில் முகப்பில், வாசலுக்கு மேலே, குழந்தையை ஏந்திய சூசையப்பரைச் சுடுமண்ணில் புடைப்புச் சிற்பமாகச் செய்து, கண்ணாடிபோல் மின்னும் வெள்ளைப் பூச்சும் நீலப் பூச்சும் கொடுக்கிற வேலை வந்திருந்தது. கமிட்டிக்காரர்களுக்கோ ஃபைபர் சிலை மேல்தான் கண். ஃபாதர் ஒருவர்தான் அவள் பக்கம். சொதப்பினால் ஃபைபர் சிலை லாரியில் வந்து இறங்கிவிடும். அவளுக்கு ஆயுசுக்கும் பூந்தொட்டிதான்.

"வாயை மூடுங்க, உதடு பண்ணணும்."

"மூடிட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்..."

அந்த ஒன்று முடியவே இல்லை. பார்க்க வந்த ஃபாதர் தாடையைச் சொறிந்தார். "என்னம்மா, டிக்கெட் கேக்கற மாதிரி இருக்காரே?"

"சுட்டா சரியாயிடும் ஃபாதர்," என்று அவள் கூசாமல் புளுகினாள்.

இவ்வளவு பெரிய சிற்பத்தை ஒரே கட்டியாகச் சுட முடியாது. அங்கியின் மடிப்பு ஓடுகிற இடமாகப் பார்த்துத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் முதுகுப்பக்கம் குடைய வேண்டும். தடிமனாக விட்டால் உள்ளே ஈரம் தங்கும்; சூடு ஏறியதும் வெடிக்கும். அவள் கம்பி வளையத்தால் தலையைக் குடைய ஆரம்பித்த நேரம் பார்த்து கண்டக்டர் வந்து சேர்ந்தார்.

"அடிப்பாவி! என் தலையைக் காலி பண்றியா? உள்ள ஒண்ணுமில்லைன்னு கோயில் வாசல்ல ஏத்திக் காட்டப் போறியா?"

"விட்டு வெச்சா உள்ள களிமண்ணுதான் இருக்கும். பரவாயில்லையா?"

அவர் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். பாவம், தெரு முழுக்கத் தன் முகம் கோயிலில் ஏறப்போவதாகச் சொல்லி வைத்திருக்கிற மனுஷன். சரி தொலையட்டும் என்று அவளும் குடைவதைப் பாதியில் விட்டுவிட்டாள். எத்தனை வருஷமாகச் சூளை வைக்கிறவள், புத்தி எங்கே போயிற்றோ!

மற்ற துண்டுகள் பத்திரமாக வெந்து வந்தன. கடைசியாகத் தலை மட்டும் தனியே சூளைக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் உள்ளே 'டமார்' என்றது.

"என்ன அது?" என்றார் கண்டக்டர்.

"உங்க தலை."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பேசவில்லை. சாயங்காலம் வரை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அண்ணனுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சண்டை போட்டாலும் அந்தச் சத்தம் இருந்தால்தான் சூளைக்காரிக்கு வீடு வீடாக இருக்கும். இருந்தும், தாழ்ந்த கண்ணும் மூடிய உதடுமாக அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் கை தானாகக் களிமண்ணைத் தேடியது.

சுட்டால் மண் சுருங்கும் என்பதால், முகத்தை ஒரு சுற்றுப் பெரிதாகவே பிடித்தாள். பிடித்து முடித்ததும் அவர் எழுந்து வந்தார். அவள் கையிலிருந்த கம்பி வளையத்தை வாங்கிக்கொண்டு, தலையைத் தாமே பின்பக்கமாகக் குடைந்தார்.

"மூக்கு ஓட்டையாயிடப் போகுது, போதும்!" என்று அவள்தான் கத்த வேண்டியிருந்தது.

வாசலுக்கு மேல் நீலத்தின் நடுவே வெள்ளை வெளேரென்று சூசையப்பர் ஏறினார். தலை இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. கமிட்டிக்காரர்கள் கைகட்டி அண்ணாந்து நின்றார்கள். "என்ன சாந்தம்! சொன்ன மாதிரி சுட்டதும் சரியாயிடுச்சேம்மா!" என்றார் ஃபாதர்.

சூளைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டத்தின் நடுவே கண்டக்டர் அதற்குள் ஆரம்பித்திருந்தார்:

"நம்ம தலைதான் சார்! உள்ள ஒண்ணுமே கிடையாது. அத்தனையும் நானே என் கையால சுரண்டி எடுத்தேன்!"