மச்சினன் வண்டியில் இல்லாத சேலை கார்டு

என் மனைவியின் தம்பி பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தவறியவன். நான் எம்.ஏ. படித்தவன். துறைத் தேர்வுகளை முதல் முயற்சியிலேயே முடித்தவன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அலுவலகத்தில் எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கலாம் என்று அரசாணை எண்ணோடு சொல்லக்கூடியவன். அவன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். இந்த வித்தியாசத்தை எங்கள் வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

குறிப்பாக மோட்டார் சைக்கிள் விஷயத்தில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் இருவரிடமும் ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி வண்டி இருந்தது: நூறு சிசி, டூ ஸ்ட்ரோக். நான் பின்னால் உட்கார வைத்து ஓட்டினால் என் மனைவி உள்ளூரிலேயே இருக்கும் மடவார் வளாகம் கோயில் வருவதற்குள் முப்பது தடவை "பாத்து, பாத்து" என்பாள். தம்பி ஓட்டினால் தூங்கிக்கொண்டே வருவாள். "அவன் ஓட்டுனா வயித்துத் தண்ணி அசையாது" என்று என் எதிரிலேயே என் மாமியாரிடம் சொன்னாள். மாமியார் என்னைப் பார்த்து, மரியாதைக்காக, "மாப்பிள்ளையும் நல்லாத்தான் ஓட்டுதாக" என்றார். அந்த 'உம்'மை நான் இன்னும் மறக்கவில்லை.

அவன் வண்டி ஷோரூமில் புதிதாக எடுத்தது. என்னுடையது பழையது, விடுப்பில் வந்திருந்த ஒரு ராணுவக்காரரிடம் வாங்கினேன். வடக்கே எங்கோ முகாமில் ஓடிய வண்டி. அதில் சேலை ஏறியதே இல்லை போலும், பின் சக்கரத்தின் பக்கம் முந்தானை சிக்காமல் இருக்க மாட்டும் கம்பி வலையை, நம்மூரில் சேலை கார்டு என்பார்களே, அதை அவர் கழற்றி எறிந்திருந்தார். வாங்கிய இரண்டாம் வாரம் கோயிலிலிருந்து திரும்பும்போது மனைவியின் முந்தானை சக்கரத்தில் சிக்கிக் கிழிந்தது. வண்டி மெதுவாகப் போனதால் காயம் இல்லை. மதுரையில் பாகம் வாங்கி மாட்டுகிறேன் என்றேன். எங்கே கிடைக்கும், என்ன பாக எண் என்றெல்லாம் விசாரித்துக் குறித்துவைத்தேன். அவன் அன்று சாயங்காலமே ஷிஃப்ட் முடிந்து ஸ்பானரோடு வந்து, தன் வண்டியின் கார்டைக் கழற்றி என் வண்டியில் மாட்டிவிட்டுப் போனான். "எனக்கு யாரு அத்தான் பின்னால உக்காரப் போறா" என்றான். அவனுக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. கிழிந்த சேலைக்காக அழாத என் மனைவி அதற்காகக் கண் கலங்கினாள். நான் குறித்துவைத்த பாக எண்ணை யாரும் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவரின் மகன் கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டு, பந்தயப் பைத்தியத்தோடு ஊர் திரும்பினார். ஊருக்கு வெளியே, எங்கள் தாலுகா எல்லைக்குள், புதிதாகத் தார் போட்டு, திறப்பு விழாவுக்கு யாரும் தேதி கொடுக்காததால் சும்மா கிடந்த ஒரு சாலையில் டிராக் ரேஸ் நடத்த வேண்டும் என்று மனு கொடுத்தார். இரண்டிரண்டு வண்டியாக நின்ற இடத்திலிருந்து கிளம்பி, கால் மைல் நேராக ஓடி, யார் முதலில் கோட்டைத் தாண்டுவது என்பதுதான் போட்டி. வளைவு, திருப்பம் எதுவும் கிடையாது. மனு என் மேசைக்கு வந்தது. காவல் துறையின் தடையின்மைச் சான்று, நெடுஞ்சாலைத் துறையின் இசைவு, ஆம்புலன்ஸ் நிற்கும் என்று மருத்துவமனைக் கடிதம். சாதாரணமாக இரண்டு மாதம் எடுக்கும் கோப்பை ஒன்பது நாளில் நகர்த்தினேன். வட்டாட்சியர் என் சேவை மனப்பான்மையைப் பாராட்டினார். நானும் போட்டியில் பெயர் கொடுத்திருந்தது அவருக்குத் தெரியாது. அரசு ஊழியர் நடத்தை விதிகளில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன்.

நாங்கள் இருவரும் பெயர் கொடுத்தது ஸ்டாக் கிளாஸில். கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படியே ஓட்ட வேண்டிய வகுப்பு. கையில் காசு இல்லாதவன் பந்தயத்துக்குள் நுழைய இருக்கும் ஒரே வாசல் அது. இன்ஜினில் கை வைக்கக் கூடாது. காற்றுச் சல்லடையைச் சுத்தம் செய்யலாம், புது பிளக் போடலாம், டயரில் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். மீதி ஓட்டுபவனின் உடம்பு. இரவில் இரண்டு இட்லியோடு எழுந்துகொண்டேன். அலுவலகத்தில் யாருக்கோ பதவி உயர்வு வந்தபோது பால்கோவாவைக் கையால் தொடவில்லை. பக்கத்து மேசைக்காரர் எனக்குச் சர்க்கரை நோய் என்று முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரைஸ்மில் தராசில் ஏறி நின்று எடையைக் குறித்துக்கொண்டேன். மூன்று கிலோ குறைந்தேன். அவன் பிறந்ததிலிருந்தே ஐம்பத்திரண்டு கிலோ. அதற்காக அவன் எந்த இட்லியையும் தியாகம் செய்ததில்லை.

பயிற்சிக்கு மகாராஜபுரம் போகும் வழியில் வயல்களுக்கு நடுவே நேராகக் கிடந்த ஒரு துண்டுச் சாலை. எங்கள் அலுவலகக் கிடங்கில் நூறு லிங்க் கொண்ட பழைய சர்வே சங்கிலி ஒன்று இருந்தது. அதில் இருபது சங்கிலி சரியாகக் கால் மைல். சர்வேயரிடம் கேட்டு வாங்கிப்போய், ஒரு நுனியை அவன் பிடிக்க மறு நுனியை நான் பிடித்து, விடிந்ததும் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டோம். ஆறு முறை ஓடினால் ஐந்து முறை அவன் ஜெயித்தான். ஆறாவது முறை எனக்காக விட்டுக்கொடுக்கிறான் என்று சந்தேகப்பட்டேன். தோற்ற ஐந்தைவிட ஜெயித்த ஒன்றுதான் அதிகம் எரிந்தது.

முதலாளி மகன் விதிகளை ஆங்கிலத்தில் டைப் செய்து கொண்டுவந்து, தமிழில் எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். இரண்டு பக்கம். நான்காவது விதியை மொழிபெயர்க்கும்போது பேனா நின்றது. வண்டி விற்பனைக்கு வந்தபோது இருந்த எந்தப் பாகத்தையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. பின்பார்க்கும் கண்ணாடி, இண்டிகேட்டர் இரண்டை மட்டும் கழற்றலாம். சேலை கார்டு அந்த விலக்கில் இல்லை. ஷோரூமிலிருந்து வெளியே வரும் வண்டியில் அது இருந்தாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மதுரைக்கு ஒரு நடை போனால் வாங்கியிருப்பான். என் வண்டியில் இருந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நானே புதிது வாங்கியிருக்கலாம்; பாக எண் கையில் இருந்தது. மூன்று வாரம் இருந்தது. சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் இதைப் படிப்பவர்கள் நம்பிவிடுவீர்கள். மறக்கவில்லை.

போட்டியன்று ஸ்டாக் கிளாஸில் எட்டு வண்டிகள். சோதனை போட வந்தவர் இன்ஜின் எண்ணையும் கார்புரேட்டரையும் பார்த்தாரே தவிர பின் சக்கரத்தின் பக்கம் குனியவில்லை. நான் இரண்டு பேரை வென்றேன். அவனும் இரண்டு பேரை வென்றான். இறுதிச் சுற்றில் நாங்கள் இருவரும். யார் ஜெயித்தாலும் அடுத்த மாதம் மெட்ராஸ் பக்கம் நடக்கும் பெரிய பந்தயத்துக்கு முதலாளி மகன் தன் செலவில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். மில்லில் அவன் கூட வேலை பார்த்தவர்கள் பாதிப் பேர் சாலையோரம் நின்றார்கள். என் அலுவலகத்திலிருந்து ஒரு பியூன் வந்திருந்தார், அதுவும் ஆம்புலன்ஸ் கடிதத்தைக் கொடுக்க.

கொடி விழுந்ததும் என் வாழ்க்கையிலேயே நல்ல ஸ்டார்ட் எனக்கு அன்று கிடைத்தது. பாதி தூரம் வரை அவன் என் பக்கத்தில் இல்லை. அந்தப் பத்து வினாடி சந்தோஷத்தை எந்த ஊதிய உயர்வும் எனக்குத் தந்ததில்லை. பிறகு இடப்பக்கம் ஒரு சத்தம். ஒன்றரைச் சக்கர வித்தியாசத்தில் அவன் கோட்டைத் தாண்டினான். வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் ஓடிவந்து, "அத்தான், என்னா ஸ்டார்ட்டு. நான் தொலைஞ்சேன்னுல்ல நெனச்சேன்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அதைத் தாங்க முடியவில்லை.

முடிவு அறிவித்த அரை மணி நேரத்துக்குள் ஆட்சேபணையை எழுத்துமூலம் கொடுக்க வேண்டும் என்பது ஒன்பதாவது விதி. வெள்ளைத்தாள் என் பையில் தயாராக இருந்தது. பொருள், பார்வை எல்லாம் போட்டு, விதி எண்ணைக் குறிப்பிட்டு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி நீட்டினேன். முதலாளி மகன் இரண்டு தடவை படித்தார்.

"சார், இவரு உங்க மச்சினன்தான?"

"விதியில் உறவுமுறை பற்றி ஒன்றும் இல்லை" என்றேன்.

அவர் அவனைக் கூப்பிட்டு, வண்டியில் சேலை கார்டு இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றான். எப்போது கழற்றினாய், எங்கே என்று கேட்டார். என் வண்டி அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது, அந்தக் கார்டோடு. அவன் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் ஒரு தடவை பார்த்தான்.

"கழட்டிப் போட்டுட்டேன் சார். எங்க வச்சேன்னு ஞாபகம் இல்ல."

அக்காளுக்காகக் கழற்றிக் கொடுத்தேன், இந்தா நிற்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். அங்கிருந்த மில்காரர்கள் என் மனுவை என் வாயிலேயே திணித்திருப்பார்கள். முதலாளி மகனும் விதியை வளைத்திருப்பார். அத்தனை பேர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, அவன் போய் டீ குடிக்க நின்றான். அவனுடைய வேகத்தின் மேல் எனக்கிருந்த பொறாமை அந்த நிமிடத்தில் சின்னதாகிவிட்டது. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் கார்டு இருக்கும் இடத்தைப் பாக எண்ணோடு சொல்லியிருப்பேன்.

முதல் இடம் எனக்கு என்று திருத்தி அறிவித்தார்கள். கை தட்டியவர் பியூன் ஒருவர்தான்.

வீட்டுக்குப் போனபோது செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. மனைவி சத்தம் போடவில்லை.

"கார்டு எங்கன்னு கேட்டாகளா?"

"கேட்டாங்க."

"அவன் என்ன சொன்னான்?"

சொன்னேன். தட்டை வைத்துச் சோறு போட்டாள். அதற்குப் பிறகு பல மாதம் அவள் ராஜபாளையத்துக்கு பஸ்ஸில்தான் போய்வந்தாள். கேட்டால் வெயில் என்பாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாளை நான் பார்த்ததில்லை.

நூல் ஏற்றிப்போகும் லாரி ஒன்றில் என் வண்டியை மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். முந்தின நாள் அவன் வந்தான், யாரும் கூப்பிடாமல். கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினான். போகும்போது, "கொடியப் பாக்காதீய அத்தான். கொடி பிடிச்சிருக்கவன் தோளப் பாருங்க. கை எறங்குறதுக்கு முந்தி தோளு செத்த அசையும்" என்றான். அதுதான் அவன் ரகசியம். இத்தனை நாள் ஸ்டாப்வாட்சும் நோட்டுப் புத்தகமுமாக நான் தேடியது. ஓசியில் கொடுத்துவிட்டுப் போனான். மெட்ராஸில் கொடியே இல்லை, கம்பத்தில் விளக்கு வைத்திருந்தார்கள். அவன் சொன்ன ஞாபகத்தில் நான் ஒரு தோளைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வண்டி போய்விட்டது. முதல் சுற்றோடு ஊர் திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு அவன் வீட்டுக்கு வந்தான். அவன் வண்டியில் புது சேலை கார்டு மாட்டியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வாசலில் நின்றபடி, சாதாரணமாகத்தான் கேட்டான்.

"அத்தான், அந்த ரோடு இன்னும் தொறக்கலயாம். ஒரே ஒருவாட்டி ரெண்டு பேரும் ஓட்டிப் பாப்பமா? ஆள் வேண்டாம், பரிசு வேண்டாம். சும்மா நமக்கு."

மனைவி சமையலறையில் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

பழைய அனுமதி அந்த ஒரு நாளுக்கு மட்டும் என்றேன். புதிதாகக் காவல் துறையின் சான்று வேண்டும், நெடுஞ்சாலைத் துறைக்குத் தனியாக எழுத வேண்டும், அனுமதியில்லாமல் ஓட்டினால் எந்தப் பிரிவில் வழக்கு வரும் என்பதுவரை நிதானமாக எடுத்துச் சொன்னேன். எல்லாம் சரியான தகவல்கள். மகாராஜபுரம் சாலையில் எந்தச் சான்றும் இல்லாமல் எத்தனை விடியற்காலை ஓட்டினோம் என்பது அவனுக்கும் தெரியும். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கடைசி வரை கேட்டான்.

"சரி அத்தான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அவன் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கேயும், ஒரு ஆட்டைத் தாண்டி, கியர் மாற்றியதே தெரியாமல்தான் போனான்.