எட்மண்டன் மண்டபத்தில் அம்மாவின் சனிக்கிழமைகள்

அம்மா எங்களைப் பிரிந்து இன்று முப்பத்தோராவது நாள். அந்தியேட்டிக் கிரியைகள் நிறைவெய்திய இவ்வேளையில், இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் அவருடைய இளைய மகன் வணங்கி எழுதுவது. உங்களுட் பலர் என்னைப் பட்டிமன்ற மேடைகளில் கேட்டவர்கள். எதிரணியை வென்று வந்து அம்மாவிடம் கோப்பையைக் காட்டுவது என் வழக்கம். அம்மாவையே ஒருமுறை எதிரணியில் நிறுத்திப் பேசினேன், அன்றும் வென்றேன். அந்த வெற்றியை மறைத்துவிட்டு அவர் வாழ்வை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மா அளவெட்டியில் ஐந்து பிள்ளைகளுள் மூன்றாமவராகப் பிறந்தார். கணிதம் கற்று ஆசிரியையானார். அப்பாவை மணந்த இரண்டாம் ஆண்டில் இருவருக்கும் சாம்பியாவில் வேலை கிடைத்தது. எழுபதுகளில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பலர் அவ்வாறு ஆபிரிக்க நாடுகளுக்குச் சென்றார்கள். செம்புச் சுரங்கம் ஒன்றை அண்டிய சிறு நகரில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார்கள். சாந்தி அக்கா பிறந்தது அங்கேதான். அந்நகரப் பெண்கள் அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'பானா சாந்தி' என்பார்கள். சாந்தியின் தாய் என்று பொருள். மூத்த பிள்ளையின் பெயரால் தாயை அழைப்பது அவர்கள் செய்யும் மரியாதை.

பெற்றோர் ஊர் திரும்பிய பின்னரே நான் பிறந்தேன். ஆகவே எங்கள் வீட்டில் ஆபிரிக்கா இல்லாதவன் நான் ஒருவன்தான். அம்மாவும் அக்காவும் ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்ப்பேன்.

போர் எங்களை வீடு வீடாக மாற்றியது. என் ஒன்பதாம் வயதில் அப்பா மாரடைப்பால் காலமானார். இரு பிள்ளைகளோடு லண்டன் வந்த அம்மா, கிங்ஸ்பரியில் ஒரு பாடசாலைச் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவி எங்களைப் படிப்பித்தார். பட்டதாரி ஆசிரியைக்கு இந்த வேலையா என்று அவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. மாலையில் கரண்டிகளின் எண்ணிக்கை பிழைத்தால் மட்டும் அவரால் தாங்க முடியாது.

அக்கா மணமாகிப் பேர்மிங்காமில் குடியேறி, பிள்ளைகள் பிறந்த பின், அம்மாவின் வாழ்வு இரண்டு நகரங்களுக்குப் பங்கிடப்பட்டது. இரண்டு கிழமை அங்கே, இரண்டு கிழமை இங்கே. இடையில் கோச் பேருந்துப் பயணம். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, எட்மண்டனில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டுக்குப் போன அம்மா, வழியில் ஒரு சமூக மண்டபத்துக்குள் மேளச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே சாம்பியப் பெண்கள். "மூலிஷானி?" என்று, அவர்கள் மொழியில், சுகம் விசாரித்திருக்கிறார். சேலையுடுத்த ஒரு பெண் தங்கள் மொழி பேசுவதைக் கேட்டு மண்டபமே கூச்சலிட்டதாம். போகவேண்டிய வீட்டுக்கு அன்று அம்மா போகவே இல்லை.

அதன்பின் இரு நகரங்களுக்குமான அட்டவணையை வகுத்தது அந்த மண்டபம். மேளம், நடனம், கதை சொல்லல், கோடைகாலப் பூங்காவில் ஆபிரிக்கக் கலைவிழா. அக்கா தொலைபேசியில் கெஞ்சுவார்.

"அம்மா, பிள்ளையளுக்கு ஸ்கூல் லீவு. இந்த முறை மூண்டு கிழமை நில்லுங்கோவன்."

"ஏலாது பிள்ளை. சனிக்கிழமை எட்மண்டனிலை மேளம்."

"பேரப்பிள்ளையளை விட மேளம் பெரிசோ?"

"பேரப்பிள்ளையள் ஞாயிற்றுக்கிழமையும் இருப்பினம்."

ஒருமுறை என்னையும் கூட்டிச் சென்றார். பெண்கள் 'சித்தெங்கே' என்னும் வண்ணத்துணியை இடுப்பில் கட்டி ஆடினார்கள்; அம்மாவும் சேலைக்கு மேல் அதைக் கட்டியிருந்தார். நானோ நல்ல பார்வையாளனுக்கு இலக்கணமாகக் கைகட்டி, அசையாமல், மிகுந்த மரியாதையோடு அமர்ந்திருந்தேன். அம்மாவின் நெருங்கிய தோழியாகிவிட்ட கிரேஸ் என்ற அம்மையார் கவலையோடு வந்தார். "பானா சாந்தி, உங்கள் மகனுக்கு எங்கள்மேல் என்ன கோபம்?"

"கோபமில்லை. அவன் பேச்சாளன். மேடையில் வேறு ஆட்கள் நின்றால் இப்படித்தான் இருப்பான்" என்றார் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அவ்வாண்டுக் கோடையில், ரெய்னர்ஸ் லேனில் வசிக்கும் என் மாமி, அதாவது அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்.

"மச்சாள், போன சனி பார்க்கிலை ஒரு மனுசி உங்களைப் போலவே ஆடிக்கொண்டு நிண்டது."

"என்னைப் போல இல்லை, நான்தான். கண்டனீங்கள் எண்டால் நீங்களும் வந்து ஆடியிருக்கலாமே."

"அண்ணை இருந்திருந்தால் இப்பிடி நடுச்சனத்துக்கை ஆடுவியளோ?"

அந்தக் கேள்வியை நான் பிடித்துக்கொண்டேன். மூன்று காரணங்கள் சொன்னேன். அப்பாவின் நினைவுக்கு இது பொருந்தாது என்றேன். ஊர் கதைக்கும் என்றேன். வயதுக்கு ஒவ்வாது என்றேன். ஒவ்வொன்றுக்கும் உதாரணமும் வைத்திருந்தேன். அம்மா இறுதிவரை கேட்டார். "நல்லாப் பேசுறாய், தம்பி" என்றார். மறுநாட் காலை கோச் ஏறினார்.

ஆறு மாதம் லண்டனுக்கு வரவில்லை. தொலைபேசியில் "சுகமாயிருக்கிறன்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஒருநாள் அக்கா அழைத்தார். "அம்மா இங்கை ரேடியோகூடப் போடுறேல்லை. வேலை முடிஞ்சால் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. நீ என்னடா சொன்னனி?"

பேர்மிங்காம் போய்ச் சேரும்வரை மன்னிப்புரை ஒன்றை மனத்துள் அடுக்கினேன். அக்காவின் குசினியில் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டு நின்றார். நான் தொடங்குமுன் அவரே பேசினார்.

"தம்பி, உன்ரை அப்பா போனதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னை முன்னுக்கு வா எண்டு கூப்பிடேல்லை. கலியாண வீடோ, பூப்புனித நீராட்டு விழாவோ, நானாய்ப் பின்வரிசையிலை போய் இருந்திடுவன். ஆரும் போகச் சொல்லவேண்டியதில்லை. அங்கை போனால் கையைப் பிடிச்சு இழுத்து நடுவிலை விடுகினம். புருசன் இருக்கோ எண்டு கேட்டிட்டு இழுக்கிறேல்லை."

அடுக்கிவந்த உரையை அப்படியே விட்டேன். "வாங்கோ, போவம்" என்றேன்.

"நீ கையைக் கட்டிக்கொண்டு இருக்கப்போறாய் எண்டால் நான் வரேல்லை."

அடுத்த சனிக்கிழமை எட்மண்டன் மண்டபத்தில் கைதட்டினேன். தாளம் பிழைக்கத்தான் தட்டினேன். அதற்கு அவர்கள் எனக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். நாங்கள் ஒன்றாகப் போன அந்த நான்கு ஆண்டுகள் என் வாழ்வின் பெருஞ்செல்வம். கதைசொல்லி கேள்வி எழுப்பினால் சபை முழுவதும் ஒரே குரலில் விடை சொல்லும். அம்மாவின் குரல் எப்போதும் அரை நொடி முன்னதாகவே எழும். திரும்பும்போது பேருந்தின் மேல்தட்டில், தன் சாம்பிய வகுப்பறையைப் பற்றியும், சைக்கிளில் வரும் அப்பாவைப் பற்றியும் எனக்குச் சொல்லுவார். எனக்கில்லாத ஆபிரிக்காவை அவ்வாறே சிறிது சிறிதாகப் பெற்றுக்கொண்டேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் புற்றுநோய் கண்டது. மூன்று மாதம், முறைப்பாடு ஏதுமின்றி. அறுபத்து நான்காம் வயதில், அக்காவின் கையையும் என் கையையும் பிடித்தபடி கண் மூடினார்.

இறுதிக் கிரியை அன்று, தேவாரம் முடியும் வேளையில், கிரேஸ் அம்மையாரும் பதினைந்து பெண்களும் தங்கள் வழக்கப்படி பாடிக்கொண்டே உள்ளே வந்தார்கள். நம் பெரியவர்கள் சிலர் திகைத்து என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து, "அம்மாவுக்காக வந்திருக்கினம். பாடட்டும்" என்றேன்.

அம்மாவைப் பரிவோடு பார்த்த மருத்துவர்கள், தாதியர். இரவு பகல் பாராத அக்கா குடும்பத்தினர். கிரியைகளை நடத்திய குருக்கள். உணவு சமைத்துத் தந்த அயலவர். தோள் கொடுத்த உறவுகள். எட்மண்டன் சகோதரிகள். இவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

மாமிக்கும் தனியே நன்றி சொல்லவேண்டும். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். மாமா மறைந்து ஈராண்டாகிறது. சென்ற கிழமை இம்மலருக்குப் படம் தர வந்த மாமி, போகும்போது வாசலில் சப்பாத்தை மாட்டியபடி, என் முகம் பாராமல் கேட்டார்.

"தம்பி, அந்த எட்மண்டன் இடம்... என்னைப் போல ஆக்களும் போகலாமோ?"

"சனிக்கிழமை ரெண்டு மணிக்கு, மாமி. நானே வந்து கூட்டிக்கொண்டு போறன்."