‘வந்தாச்சா?’ என்று கேட்ட எஸ்தர் மேடம்

தினமும் காலை ஒன்பது மணிக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வார்த்தை வந்து விழும்: ‘வந்தாச்சா?’ சமுதாயக் கல்லூரியில் ஏசி மெக்கானிக் படிப்பை முடித்துப் பல வருடங்கள் ஆன பிறகும் எங்களை விடாத வார்த்தை அது. வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள் ‘வந்தாச்சு’ என்று பதில் போட வேண்டும். போடாதவர்களுக்குப் போன் வரும்.

போன வியாழக்கிழமை அந்த வார்த்தை வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மேடம் இன்று நமக்கு லீவு விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். கடையில் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தபோது, என்னோடு படித்த செல்வி போன் செய்தார்.

“நைனா, எஸ்தர் மேடம் தவறிட்டாங்க. காலைல நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு.”

ஊதுபத்தியை அப்படியே கீழே வைத்தேன். செல்வியே தொடர்ந்தார். “பையன் துபாய்ல கீறான். நாளைக்கு மத்தியானம் அவன் வந்து மூஞ்சியப் பாத்தப்புறம்தான் எடுப்பாங்க. அதுவரைக்கும் ஃப்ரீசர் பெட்டியில வெச்சிகீறாங்க. நீ கெளம்பு.”

எஸ்தர் மேடத்தைத் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். அவர் பாடம் நடத்தியவர் அல்லர். கல்லூரியில் மாணவர் ஆதரவு ஒருங்கிணைப்பாளர். நான் அங்கே சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவர் என்னைவிட இளையவர். அம்பத்தூரில் ஏசி, ஃப்ரிட்ஜ் உதிரிபாகக் கடை வைத்திருந்தேன். ஒரு கம்பெனி ஏஜென்சி தருவதற்குத் தொழில்நுட்பச் சான்றிதழ் கேட்டது. எனக்கு வேண்டியது சான்றிதழ் மட்டும்தான். அதைப் படிப்போடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள் என்பது பெரிய தொந்தரவாக இருந்தது.

“மேடம், நீங்க இன்னா பாடம்?” என்று முதல் நாள் கேட்டேன்.

“பாடம் இல்லண்ணா. வந்தவங்க பாதியில ஓடிடாமப் பாத்துக்கறது என் வேலை.”

“இதுக்கெல்லாம் சம்பளம் தராங்களா?”

“உங்க கடைக்கு வந்த கஸ்டமர வெறுங்கையோட விட்டுடுவீங்களா? அதே வேலைதான்.”

எதிரில் நிற்பவரும் வியாபாரிதான் என்று அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பிறந்தநாள் என்றால் கேக், டிசம்பர் என்றால் கேரல் பாட்டு, சனிக்கிழமை என்றால் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது என்று ஏதாவது ஒன்று நடத்திக்கொண்டே இருப்பார். என் முறை வந்தபோது தாமிரக் குழாய் விலை ஏறியதைப் பற்றி மனம்விட்டுப் பேசினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. “அதுவும் மனசுலேர்ந்துதான் வருது. முழுசா பேசட்டும்” என்றார்.

கோடை வந்தது. ஏசி வியாபாரத்துக்கு அதுதான் அறுவடைக் காலம். கடையை விட்டுவிட்டு எவன் வகுப்புக்குப் போவான்? எனக்குத் தெரிந்த வழியில் போனேன். “மேடம், காலேஜுக்கு ஒரு வாட்டர் கூலர் வாங்கித் தரேன். என் அட்டெண்டன்ஸ கொஞ்சம் பாத்துக்குங்க.”

கூலர் போய் இறங்கியது. மேடம் விழா வைத்தார், சால்வை போட்டார், போட்டோ எடுத்தார். மறுநாள் காலை போன் வந்தது. “அண்ணா, தண்ணி ஜில்லுனு இருக்கு. ரொம்ப நன்றி. நீங்க இன்னைக்கு ஆப்சென்ட்.”

தொடர்ந்து வராதவர் இருக்கும் இடத்துக்கு வகுப்பையே கூட்டிப் போவது அவர் வழக்கம். ஷேர் ஆட்டோக்களில் மொத்த வகுப்பும் ஆசிரியரும் என் கடை வாசலில் வந்து இறங்கினார்கள். பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, ரெய்டா?”

“இல்லப்பா, கிளாஸு.”

“அதுக்கு ரெய்டே தேவலயே.”

ஆசிரியர் என் அலமாரியிலிருந்தே ஒரு கெபாசிட்டரை எடுத்தார். இது என்ன வேலை செய்கிறது என்று கடைக்காரரே சொல்லட்டும் என்றார். விலை சொன்னேன். வாரண்டி சொன்னேன். எந்தக் கம்பெனி சரக்கு பழுதென்று திரும்பி வராது என்பதையும் சொன்னேன். அது என்ன வேலை செய்கிறது என்று மட்டும் தெரியவில்லை. அத்தனை வருடமாக அதை விற்றுச் சாப்பிட்டவன் நான். கையில் சரக்கோடு நின்ற ஒரு வாடிக்கையாளர் அதைச் சத்தமில்லாமல் கவுண்டரில் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

மேடம் கல்லாவுக்குப் பின்னால் இருந்த என் ஸ்டூலை எடுத்து மாணவர்களின் வரிசையில் போட்டார். “உக்காருங்கண்ணா. உங்க கடைதானே, வெக்கம் என்ன?”

கம்ப்ரஸர் கிளம்பும்போது ஒரு தள்ளு வேண்டும், அந்தத் தள்ளைக் கொடுப்பது கெபாசிட்டர், அது செத்துவிட்டால் கம்ப்ரஸர் ‘ம்ம்’ என்று முனகிவிட்டு நின்றுவிடும் என்பதை என் கடையிலேயே மாணவனாக உட்கார்ந்து கற்றேன். மறுநாளிலிருந்து ஒழுங்காக வகுப்புக்குப் போனேன். படிப்பின் மேல் வந்த ஆசை என்று பொய் சொல்ல மாட்டேன். மறுபடியும் வகுப்பைக் கடைக்கு அழைத்து வந்துவிடுவாரோ என்ற பயம்.

செய்முறைத் தேர்வு சமயத்தில் நான் கொடுத்த கூலரே முனக ஆரம்பித்தது. அதையே எனக்குத் தேர்வாக வைத்துவிட்டார்கள். வேகமாக ஸ்க்ரூ டிரைவரை நீட்டினேன். எல்லா வகுப்பிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்த மேடத்துக்கு ஒரே ஒரு தொழில்நுட்ப விஷயம் தெரியும். அதைச் சொன்னார்: “முதல்ல ப்ளக்கப் பிடுங்குங்கண்ணா.”

கெபாசிட்டரை மாற்றினேன். முதல் டம்ளர் தண்ணீரை அவரே பிடித்துக் குடித்தார். “இப்பதான் இந்தக் கூலர் நீங்க கொடுத்தது” என்றார்.

சான்றிதழ் கிடைத்தது, ஏஜென்சியும் கிடைத்தது.

போன வியாழக்கிழமை சேக்காட்டில் மேடத்தின் வீட்டுக்குப் போனபோது கூடம் முழுக்க எங்கள் ஆட்கள்தான். மதிய வெயில் கொளுத்தியது. ஃப்ரீசர் பெட்டி திடீரென்று ‘ம்ம்’ என்று முனகி நின்றது. மறுபடி முனகியது, மறுபடி நின்றது. கண்ணாடி வேர்த்து மேடத்தின் முகம் மறைய ஆரம்பித்தது. வேறு பெட்டி பூந்தமல்லியிலிருந்து சாயங்காலம்தான் வரும் என்றார் பெட்டிக்காரர். மேடத்தின் கணவர் எழுந்து நின்றார். “பையன் வந்து பாக்கணும்ப்பா” என்றார்.

அழுதுகொண்டிருந்த அத்தனை மெக்கானிக்குகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றிக் குனிந்து காதைக் கொடுத்தார்கள். கேஸ் போச்சு என்றார் ஒருவர். ரிலே என்றார் இன்னொருவர். லோ வோல்டேஜ் என்று ஒருவர் மின்வாரியத்தையே திட்ட ஆரம்பித்தார்.

செல்வி என்னைப் பார்த்தார். “நைனா, கூலர் சத்தம்.”

அதே சத்தம்தான். கடைக்குப் போன் போட்டு, திரும்பி வராத கம்பெனியின் கெபாசிட்டரைப் பைக்கில் கொண்டுவரச் சொன்னேன். அது வந்து சேர்ந்ததும் அவசரமாகப் பெட்டிக்கு அடியில் கையை விடப் போனேன்.

“ப்ளக்கப் புடுங்கினியா?” என்றார் செல்வி.

நான் பிடுங்கவில்லை. சாவு வீட்டில் மொத்தப் பேரும் சிரித்துவிட்டோம். மேடத்தின் கணவரும் சிரித்தார், பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ப்ளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரை மாற்றி, மறுபடி செருகினேன். பெட்டி ஒருமுறை முனகியது, பிறகு பிடித்துக்கொண்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தெளிந்து அவர் முகம் தெரிந்தது.

மறுநாள் மதியம் மகன் வந்தார். பெட்டியருகே உட்கார்ந்து அம்மாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போனை எடுத்துக் குழுவில் ‘வந்தாச்சு’ என்று போட்டேன். ஃப்ரிட்ஜ் மேல் இருந்த மேடத்தின் போன் ‘டிங்’ என்றது. செல்வி என்னைப் பார்த்துவிட்டுத் தானும் போட்டார். பிறகு கூடத்தில் ஒவ்வொருவராகப் போனை எடுத்தார்கள். அந்தப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் போய் அதை நிறுத்தவில்லை.

போய் வாருங்கள் மேடம். ஒருத்தர்கூட ஆப்சென்ட் இல்லை.