சித்தப்பாவுக்குச் சாமி வந்த வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டுக்கு ஒருமுறை சாமி வந்தது. காஜா பேராங் பகுதியில் எங்கள் வரிசை வீடுகளில் வேறு யாருக்கும் கிடைக்காத பாக்கியம் அது. வந்தது என் சித்தப்பாவின் மேல் என்பதால், அந்தப் பெருமையில் பாதி எனக்குச் சேரவேண்டியது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எட்டு வயது இருக்கும். மெர்டேகா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம்.

சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்ட காலத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர். தோட்டத்துக்கு அரிசி ஏற்றிப்போன லாரிக்குக் காவலாகப் போனபோது ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து சுட்டார்கள். லாரி பள்ளத்தில் சாய்ந்தது. இடுப்பில் புகுந்த குண்டை டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். உடைந்த சில்லுகள் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கின்றன, அவற்றைத் தொட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று அப்படியே தைத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். பதக்கத்தை அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சில்லுகளைச் சித்தப்பா முதுகில் வைத்துக்கொண்டார்.

ஆற்றோரக் கிடங்கு ஒன்றில் அப்பா அவருக்கு ஜாகா வேலை வாங்கிக் கொடுத்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் பார்க்கிற வேலை, இதைவிடச் சுகமான வேலை உண்டா என்று எல்லோரும் சொன்னார்கள். உட்காருவதுதான் அவரால் முடியாத காரியம் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "எப்படிடா இருக்கு?" என்று அப்பா கேட்டால், "பரவால்லண்ணே" என்பார். முகம் வியர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அப்போதும் பரவால்லண்ணேதான்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை போடுவதற்கு முன்னால் இருப்பவர் ஒரு சித்தப்பா, போட்ட பிறகு வருபவர் இன்னொருவர். முன்னவர் சிமெண்டுத் தரையில் படுத்துக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, கிட்டே போனால் எரிந்து விழுவார். பின்னவர் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவார், மூக்கைச் சொறிந்துகொண்டே கதை சொல்வார், கதை பாதியில் இருக்கும்போதே தூங்கிவிடுவார். மலச்சிக்கலுக்கு அம்மா விளக்கெண்ணெய் கொடுத்து ஓய்ந்துபோனாள். எனக்கு இரண்டாவது சித்தப்பாவைத்தான் பிடிக்கும். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

சித்தப்பா பிழைக்கமாட்டார் என்று சொன்ன நாளிலேயே, செங் சன்னாசிமலைக் கோயிலுக்கு அவர் பால்குடம் எடுப்பார் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். அவர் பிழைத்துவிட்டார். அவ்வளவு தூரம் நடக்க முடியாததால் பால்குடம் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் தள்ளிக்கொண்டே போனது. வேண்டுதல் பாக்கி இருப்பதால்தான் வலி போகமாட்டேன் என்கிறது என்று அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த வருஷம் எப்படியாவது எடுத்துவிடுவது என்று விரதம் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் மீன் சட்டி பரணுக்குப் போனது.

அந்த நேரம் பார்த்து அப்பா, சோறு பிசைந்தபடியே ஒரு வார்த்தை சொன்னார். "ஆஸ்பத்திரி டிரஸ்ஸரப் பாத்தேன். தம்பி மாத்திரையில சண்டு சேந்திருக்காம், அளவா போடணுமாம்."

சண்டு என்றால் அபின். அம்மாவுக்கு அதை நன்றாகத் தெரியும். டவுனில் கடைகளுக்கு மேல்மாடியில் எலும்பும் தோலுமாகப் படுத்து அதைப் புகைத்துக்கொண்டிருந்த கிழவர்களை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். விரதம் இருக்கிறவர் பீர்கூடத் தொடக்கூடாது. சண்டு தொடலாமா? அம்மா எழுந்துபோய், மாத்திரைப் பொட்டலத்தை வேண்டுதல் காசோடு சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து, முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள்.

"மகம் முடியட்டும் தம்பி. அப்புறம் நானே அவுத்துத் தர்றேன்" என்றாள்.

"சரிங்க அண்ணி" என்றார் சித்தப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அவரை மாதக்கணக்கில் புரட்டிப் படுக்கவைத்துப் புண் கழுவியவள் அவள். அவள் சொல்லுக்கு அவரிடம் மறுபேச்சு கிடையாது. மேலும் சாமி பேரில் போட்ட முடிச்சு. துப்பாக்கிக்கு முன்னால் நின்றவருக்கு அதில் கைவைக்கத் துணிவில்லை. காலையும் மாலையும் படத்துக்கு முன்னால் போய் நின்று மஞ்சள் துணியையே பார்த்துக்கொண்டிருப்பார். கொழுந்தனுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அம்மா பூரித்துப் போனாள்.

இரண்டொரு நாளில் அவருக்கு ஓயாமல் கொட்டாவி வந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. கொளுத்துகிற வெயிலில் போர்வை கேட்டார், போர்த்தினால் உதறி எறிந்தார். சோறு வயிற்றில் தங்கவில்லை. கால் தானாக உதைத்துக்கொண்டது. கெட்டதெல்லாம் வெளியே போகிறது என்றாள் அம்மா. அப்பா வேலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லி அவரைப் படுக்கவைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் பூஜை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பாட்டுப் பாடினார்கள். விரதக்காரர் படத்துக்கு முன்னால் உட்காராமல் எப்படி? அப்பா அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பலகையில் உட்காரவைத்தார். கற்பூரம் ஏற்றி அம்மா மணியடித்தபோது சித்தப்பாவின் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. முதலில் கை, அப்புறம் தோள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. கையில் மயிர் எல்லாம் குத்திட்டு நின்றது.

"சாமி வந்திருச்சு" என்றாள் எதிர்வீட்டு அத்தை. சாமி விஷயத்தில் எங்கள் வரிசைக்கு அவள்தான் தலைவி.

பாட்டின் வேகம் கூடியது. யாரோ அவர் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள், தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். குளிரில் அவர் இன்னும் நடுங்கினார். சாமிக்கு உக்கிரம் என்றார்கள். என் உடம்பு சிலிர்த்துவிட்டது. நேற்று வரை விளக்கெண்ணெய் குடித்துக்கொண்டிருந்த என் சித்தப்பா!

"வந்திருக்கிறது யாருப்பா? என்ன வேணும், வாயத் தொறந்து சொல்லு" என்று அத்தை கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

சித்தப்பா வாயைத் திறந்தார். "வலிக்குது" என்றார்.

பாட்டு நின்றுவிட்டது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமிக்கே வலிக்குதுன்னா, என்ன குத்தம் செஞ்சீங்க நீங்க?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். அப்பா வெலவெலத்துப்போய், போன வருஷம் தேங்காய் உடைக்க மறந்ததை ஒப்புக்கொண்டு, இந்தத் தடவை இரண்டு மடங்காக உடைப்பதாகச் சொன்னார்.

"வலிக்குது" என்றார் சித்தப்பா மறுபடியும். இன்னொருத்தி காலில் விழுந்து தன் பங்குக்கு ஒரு குற்றத்தைச் சொன்னாள். அவர் வலிக்குது வலிக்குது என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டார்கள். எல்லோருக்கும் அதில் ஒரு திருப்தி. அம்மா மட்டும் மணியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவள் காதில் விழுந்தது கொழுந்தனின் குரல். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அது வெளியே வருவதற்கு அவர் சாமியாக வேண்டியிருந்தது.

திருநீறு வாங்கிக்கொண்டு எல்லோரும் போனதும் அம்மா கதவைச் சாத்தினாள். படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "பால்குடம் நான் எடுக்கிறேன். கோவம்னா என்மேல காட்டு, அவர விட்டுடு" என்று முருகனிடம், மீன்காரனிடம் பேசுகிற அதே குரலில் சொல்லிவிட்டு முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். சித்தப்பாவின் கை நடுங்கியதால் மாத்திரையை அவளே வாயில் போட்டுத் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். அவர் தூங்கும்வரை அழுதாள். சாமி போய்விட்ட வருத்தத்தில் அழுகிறாள் என்று நான் எண்ணினேன்.

மறுநாள் அவளே டிரஸ்ஸரிடம் போய் என்ன கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம் என்று விவரமாகக் கேட்டு வந்தாள். அதன்பின் மாத்திரை அவள் கையால்தான். வலி போகவில்லை. மாத்திரையும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அப்பா "எப்படிடா இருக்கு?" என்று கேட்டால் அம்மா குறுக்கே புகுந்து, "வலிக்குதாம்" என்று சொல்லிவிடுவாள்.

மாசி மகத்தன்று அம்மா செங்குக்குப் பால்குடம் சுமந்து நடந்தாள். சித்தப்பாவும் நானும் லாரியில் போனோம். சன்னதியில் கூட்டம் நெருக்கியது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று கும்பிட்டார். நானும் கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டேன்.

"என்ன பாப்பா கேட்ட?" என்றார்.

"உங்க மேல மறுபடி சாமி வரணும்னு கேட்டேன்" என்றேன்.

என் தோளில் இருந்த சித்தப்பாவின் கை ஒருதரம் அழுத்தியது.

"வேற ஏதாச்சும் கேட்டுக்கம்மா" என்றார்.

சாமியை வேண்டாம் என்று சொல்கிற ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஏன் என்று கேட்கவும் தோன்றவில்லை. திரும்பக் கண்ணை மூடி, பென்சில் பெட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.