பக்கத்து அளத்துக்கு வந்த மானியம்

கடல் ஊருக்குள் வந்துபோன மறு வருஷம். எங்கள் உப்பளமும் பக்கத்து அளமும் சேறு மூடிக் கிடந்தன. பக்கத்து அளத்துக்காரர் உப்பு உற்பத்தியாளர் சங்கத்தில் உறுப்பினர். அவருக்கு அரசாங்க மானியத்தில் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் வந்தது. நாங்கள் குத்தகைக்காரர்கள், சங்கத்தில் இல்லை. வாடகை இன்ஜினுக்குக் காத்திருந்தோம்.

அவர் பாத்தியில் உப்பு முன்னாலேயே விளைந்தது. விலையையும் குறைத்தார். வியாபாரி எங்களிடம் வந்து, "அதே ரேட்டுன்னா லாரில ஏத்தறேன்" என்றார். அந்த விலைக்கு விற்றால் அடுத்த வருஷம் அளம் எங்கள் கையில் இருக்காது.

"கேஸ் போடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். திண்டிவனத்துக்கு பஸ் ஏறினோம்.

வக்கீல் பொறுமையாகக் கேட்டார். வியாபாரப் போட்டிக்கென்று புதுச் சட்டம் வந்திருக்கிறது, இன்னும் முழுசாக நடைமுறைக்கு வரவில்லை என்றார். வந்தாலும் நமக்கு நஷ்டம் என்றால் மட்டும் போதாதாம். அந்த மானியத்தால் சந்தையே கெட்டுப்போனதா என்று பார்ப்பார்களாம்.

"மானியம் வரலைன்னா அவரு இன்னா பண்ணியிருப்பாரு?"

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "சொந்தமா வாங்கியிருப்பாரு சார். வசதியான ஆளு."

"அப்போ மானியத்தால ஒண்ணும் மாறலையேப்பா."

"இல்ல சார், எங்கள மாதிரி வாடகைக்கு எடுத்திருப்பாரு."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுய்யா."

நான் சொன்னேன். "அளத்த அப்படியே போட்டுட்டுப் போயிருப்பாருங்க. மெட்ராசுக்குப் போறேன்னு மூட்ட கட்டி வச்சிருந்தாரு."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "உங்க ஒரு அளத்துக்கு மட்டும் லாரி வந்திருக்குமாம்மா?"

அளத்துக்கு வரும் அந்த மண் பாதையை நினைத்துப் பார்த்தேன்.

"வராதுங்க."

"அப்போ மானியம் வந்ததாலதான் உங்களுக்கும் லாரி வருது, கேஸு நிக்காதும்மா" என்று அவர் பேனாவை மூடினார்.

பஸ்ஸில் வீட்டுக்காரர் கேட்டார். "எதுக்குடி அதச் சொன்ன?"

"கேட்டாரு. சொன்னேன்."

"பக்கத்து அளத்துக்காரருக்கு நீதான் வக்கீலு போல."

உப்பை அந்த விலைக்கே ஏற்றினோம். பருவம் முடிந்ததும் அளத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போனார்.

அடுத்த பருவம் நான் பக்கத்து அளத்தில் கூலிக்குச் சேர்ந்தேன். முதல் நாளே அளத்துக்காரர் கேட்டார்.

"என் மேல கேஸு போடப் போனீங்களாமே?"

"போனோம்."

"இன்னா சொன்னாங்க?"

"நிக்காதுன்னாங்க."

அவர் சிரிக்கவில்லை. உப்புக் கூடையை ஒரு பக்கம் பிடித்து என் தலைக்கு ஏற்றிவிட்டார். வரப்பில் நடந்தேன்.