தட்டிவிட்டு மூடுவது

கொழும்பில், ஒருகொடவத்தையில் கண்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. இருபத்தாறு வருஷம். வெறும் பெட்டிகளைத் திறந்து பார்த்து, கூட்டி, மூடிக் கொடுப்பது என் பகுதி. கதவை மூடுமுன் மூன்று தரம் தட்ட வேண்டும். தட்டிவிட்டு நின்று கேட்க வேண்டும். உள்ளே சத்தம் இல்லையென்றால் "சரி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கம்பியை இறக்க வேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. நாங்களாக வைத்துக்கொண்டது.

காரணம் உண்டு. நான் சேர்ந்த வருஷம் ஒரு லொறிக் கிளீனர் வெயிலுக்கு ஒதுங்கி ஒரு பெட்டிக்குள் போய்ப் படுத்துவிட்டான். யாரோ பார்க்காமல் மூடினார்கள். அரைநாள் கழித்துத் திறந்தபோது உயிர் இருந்தது. விரல்களில் நகம் இருக்கவில்லை. நான்தான் தூக்கி வெளியே வைத்தேன்.

அதற்குப் பிறகு கை தானாகவே தட்டும். வீட்டிலும் தட்டும். யார்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

"அண்ண ஃபிரிஜ்ஜையும் தட்டிட்டுத்தான் மூடுவாராம். மீன் பதில் சொல்லுதா அண்ண?" என்பான் கூட வேலை செய்கிறவன்.

"உன்னைப் பத்தி விசாரிச்சிச்சு" என்பேன்.

என் மனைவி போன வருஷம் இறந்தாள். கொட்டாஞ்சேனையில் மலர்ச்சாலையில் உடலை வைத்தோம். சாமியார் செபம் முடித்தார். பெட்டியை மூடினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். கை போய் மூடியில் மூன்று தரம் தட்டியது. தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றேன். அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். மேலே மின்விசிறி மட்டும் சுற்றியது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"அத்தான், என்ன செய்றீங்க?" என்று மனைவியின் தம்பி என் கையைப் பிடித்தான்.

"சரி" என்றேன். அவனுக்குச் சொல்லவில்லை. வேலையில் சொல்கிற சரி அது.

என் மகள் எதிர்ப்பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

மகள் எங்களுக்குப் பிறந்தவள் இல்லை. சிஸ்டர்மாரின் அநாதை இல்லத்திலிருந்து பதினொரு மாதக் குழந்தையாகக் கொண்டுவந்தோம். அது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லிவிடுவோம் என்று பல தரம் சொன்னேன். மனைவி விடவில்லை.

"நான் சொல்றன். நீங்க சொன்னா பெட்டி நம்பர் வாசிக்கிற மாதிரி இருக்கும்" என்பாள்.

புதுநன்மை எடுத்த பிறகு என்றாள். ஓ.எல். சோதனை முடியட்டும் என்றாள். ஏ.எல். முடியட்டும் என்றாள். பிறகு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கும்போது, "பிள்ளைக்குச் சொன்னியா?" என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்படியே போய்விட்டாள். சொல்லவேண்டியது என் தலையில் விழுந்தது. சொன்னால் பிள்ளை போய்விடுவாள் என்று பயம். எனக்கு வேறு ஆள் இல்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஷிப்ட் முடித்து, செவ்வாய்தோறும் போகிற மாதிரி கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று மணி இருக்கும். மகள் வெள்ளவத்தையில் கண்ணாடிக் கடையில் வேலை, ஆறு மணிக்கு மேல்தான் வருவாள். மனைவியின் அலுமாரியில் ஒரு துவாய் எடுத்தேன். தட்டிவிட்டு மூடினேன்.

உள்ளேயிருந்து மூன்று தட்டுச் சத்தம் வந்தது.

மெதுவான சத்தம். மரத்தில் விரல் முட்டி படுகிற சத்தம். திறந்து பார்த்தேன். சாரிகள் தொங்கின. ஒன்றும் ஆடவில்லை. என் விரலில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டியபடி கட்டிலில் இருந்தேன். பயம் என்று சொல்ல முடியாது. ஆனால் கால் குளிர்ந்துபோயிருந்தது.

அதற்குப் பிறகு இடைக்கிடை வந்தது. நான் தட்டினால், சில நாள் பதில் வரும். எப்போதும் மூன்றுதான். ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவிதான் கேட்கிறாள் என்று நினைத்தேன். சொல்லியாச்சா என்று கேட்கிறாள். "இல்ல" என்று அலுமாரிக்குச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவேன்.

இப்படி ஏழெட்டு மாதம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மகள் சொன்னாள். "அப்பா, வெள்ளவத்தையில ஒரு படம் ஓடுது. பத்தரை ஷோ. கடையில எல்லாரும் பாத்திட்டு அழுதுட்டு வந்தாங்க. போவமா?"

"அழவா சல்லி குடுத்து?"

"நீங்க சும்மா அழமாட்டீங்க தானே. டிக்கட் எடுத்தாலாவது அழுவீங்களா பாப்பம்."

புறக்கோட்டைக்குப் போய் காலி வீதி பஸ் எடுத்தோம். என்ன படம் என்று நான் கேட்கவில்லை. கவுண்டரில் நான்தான் நின்றேன். வாய் பழக்கத்தில் மூன்று என்று கேட்டுவிட்டேன். நாங்கள் எப்போதும் மூன்று பேராகத்தான் படம் பார்த்தது.

கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "துனக்த?" என்று சிங்களத்தில் திருப்பிக் கேட்டாள். மூன்றா என்று.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். "இருக்கட்டும்ப்பா. எடுங்க" என்றாள்.

உள்ளே அவள் ஒரு சீட்டை நடுவில் விட்டு அடுத்ததில் இருந்தாள். நான் இந்தப் பக்கம். அந்தத் தியேட்டர் சீட்டுகள் ஆள் எழும்பினால் தானாக மேலே மடிந்துகொள்ளும். நடுச் சீட்டு மடியாமல் கீழேயே இருந்தது. நான் கையால் தூக்கிவிட்டேன். மெல்ல இறங்கி வந்து பழையபடி நின்றது.

"ஸ்பிரிங் பழுது" என்றாள் மகள்.

"ஓம்" என்றேன்.

அவள் பையை மடியில்தான் வைத்திருந்தாள். நடுச் சீட்டில் வைக்கவில்லை.

படம் ஒரு தையல்காரனைப் பற்றியது. முதல் பாட்டு முடியுமுன் மனைவி செத்துப்போகிறாள். ஏழு வயதுப் பெண் பிள்ளை மிச்சம். தத்தெடுத்த பிள்ளை, அதற்குத் தெரியாது. எனக்கு அந்த இடத்திலேயே வேர்த்துவிட்டது. தியேட்டரில் ஏசி.

மகளுக்குத் தெரிந்துதான் கூட்டிவந்தாளா என்று பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மாறி மாறி அவள் முகத்தில் விழுந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து இருந்தாள். என் மனைவி இருக்கிற மாதிரியே. இரத்தம் இல்லை, உறவு இல்லை, எங்கேயிருந்து வந்தது அந்தச் சாயல் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் யாரோடு படம் பார்க்கிறேன் என்றே நிச்சயமில்லாமல் இருந்தது.

பிள்ளை வளர்ந்து பெரியவளாகிறாள். சாமத்திய வீட்டில் ஒரு மாமிக்காரி எல்லோர் முன்னாலும் விஷயத்தைப் போட்டு உடைக்கிறாள். பிள்ளை வீட்டை விட்டுப் போகிறாள். தையல்காரன் பஸ் நிலையம் பஸ் நிலையமாகத் திரிகிறான். பிள்ளையின் ஃபோட்டோவைப் பார்த்தும் அழுகிறான், மழையில் நின்றும் அழுகிறான், பக்கம் பக்கமாகப் பேசுகிறான். இவ்வளவு பேசத் தெரிந்தவன் முதலே சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கைச் சிந்தியபடி இருந்தார். "இந்தாளுக்கு அந்த மாமியப் பிடிச்சு ரெண்டு குடுக்கத் தெரியல்ல" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு அவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள்.

கடைசியில் தையல்காரன் செத்துப்போகிறான். பிள்ளை வரும்போது கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறான். மூடுகிறார்கள். திரையில் ஒருவரும் தட்டவில்லை. என் கை போய் நடுச் சீட்டின் கைப்பிடியில் மூன்று தரம் தட்டியது.

படம் முழுக்கக் கீழே இருந்த அந்தச் சீட்டு டக்கென்று மேலே மடிந்தது. ஒரு ஆள் எழும்பினால் மடிகிற மாதிரி.

மகள் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விளக்குப் போட்டார்கள்.

வெளியே வந்து கடல் பக்கம் நடந்தோம். உச்சி வெயில். ரயில் பாதை கடந்து கல்லில் இருந்தோம். இனியும் வைத்திருக்க ஏலாது என்று தெரிந்தது. அலை அடித்துக்கொண்டிருந்தது. அலையைப் பார்த்தே சொன்னேன்.

"நீ எங்களுக்குப் பிறக்கல்ல. பதினொரு மாசத்தில சிஸ்டர்மாரிட்ட இருந்து கொண்டுவந்தம்."

மனைவி சொன்னது சரி. பெட்டி நம்பர் மாதிரித்தான் வந்தது.

"அம்மாக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அவதான் உன்னைத் தூக்கினவ."

தான் கேட்டதில் அர்த்தமில்லை என்று அவளுக்கே விளங்கியிருக்கும். முகத்தை மூடிக்கொண்டாள். ரயில் ஒன்று பின்னால் போனது. போய் முடிந்ததும் எழும்பி, "போவம்" என்றாள். பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் தனியாக இருந்தாள். அவளுடைய பின்னலை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

படம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அழுகைப் படம் என்று மட்டும் கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் அறைக்குள் போய்க் கதவை மூடினாள். திங்கள் பேசவில்லை. செவ்வாய் பேசவில்லை. நான் சமைத்து வைத்ததைச் சாப்பிடாமல் வேலைக்குப் போனாள். நான் அலுமாரியைத் தட்டினேன். பதில் வரவில்லை. புதன்கிழமை காலையில் அவள் அறை வாசலில் ஒரு பயணப் பை நிற்கக் கண்டேன். அவளுடைய கூட்டாளி ஒருத்தி வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறாள். அங்கேதான் என்று விளங்கியது. கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்பாள்.

வியாழக்கிழமை இரண்டரைக்கு வேலையால் வந்தேன். வழமையாக அவள் வீட்டில் இல்லாத நேரம். ஆனால் வாசலில் பை இல்லை. அறைக் கதவு மூடியிருந்தது. தெரு நாய் தூக்கிக்கொண்டு போகும் என்று செருப்பை அவள் எப்போதும் அறைக்குள்தான் வைப்பாள். ஆகவே இருக்கிறாளா போய்விட்டாளா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. வீடு வெறும் பெட்டி மாதிரி இருந்தது. என் மூச்சு எனக்கே திரும்பிக் கேட்டது.

கூப்பிடலாம். கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது. கதவுக்கு முன்னால் நின்று மூன்று தரம் தட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டேன்.

யார்டில் பத்து எண்ணும்வரை நிற்போம். நான் அதைவிடக் கூட நின்றேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. சரி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் மூடிவிட வேண்டும்.

உள்ளேயிருந்து மூன்று தட்டுச் சத்தம் வந்தது.

கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. பின்னால் கட்டிலில் பை திறந்து கிடந்தது, பாதி உடுப்பு வெளியே.

"போகத்தான் அடுக்கினனான். இப்ப திருப்பி எடுக்கிறன்" என்றாள். "அம்மா ஏன் சொல்லல்ல?"

"சொல்லத்தான் இருந்தா."

"நீங்க?"

"சொல்லிட்டன் தானே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். சோறு போட்டேன். சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

"அப்பா, ஒண்டு சொன்னா ஏசக்கூடாது. அலுமாரியில தட்டினது நான்தான்."

அலுமாரி நிற்கிற சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அறை. சுவர் என்று சொன்னாலும் பலகைதான். வியாழன் அவளுக்கு அரைநாள் வேலை. அதன் பிறகு இங்கிலிஷ் வகுப்பு என்று நான் நினைத்திருந்தேன். போகாமல் வந்து அறையில் படுத்திருந்திருக்கிறாள். நான் தட்டுவது கேட்டிருக்கிறது.

"அண்டைக்கு அம்மாட பெட்டியில தட்டிட்டு நிண்டீங்க. ஒருத்தரும் திருப்பித் தட்டல்ல. நீங்க கேட்டுக்கொண்டே நிண்டீங்க. என்னால தாங்க ஏலாமப் போச்சு. அதான்."

அவள் கழுவிய தட்டை வாங்கித் துடைத்தேன். பிறகு கேட்டேன். "வியாழன்ல மட்டுமா?"

"வியாழன்ல மட்டும்தான். மத்த நாள் நான் கடையில தானே."

"முதல் தரமும்?"

"ஓம். ஏன்?"

"சும்மா" என்றேன்.

முதல் தரம் செவ்வாய்க்கிழமை. விரலில் கோயில் மெழுகு இருந்தது. அதை அவளுக்குச் சொல்லவில்லை. இனிமேலும் சொல்லப் போவதில்லை. ஒன்றைச் சொல்லியாச்சு, போதும்.

இப்போதும் அலுமாரியைத் தட்டிவிட்டுத்தான் மூடுகிறேன். பத்து எண்ணும்வரை நிற்கிறேன். வியாழனும் இல்லை, செவ்வாயும் இல்லை. ஒரு சத்தமும் வருவதில்லை.

சரி என்று சொல்லிவிட்டு மூடுகிறேன்.