சுரூபத்துக்கு முன்னால் நின்ற எஞ்சின்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தவக்காலத்து வெள்ளிக்கிழமை மாலையில், பேசாலையில் எங்கள் வீட்டு ஹோலில் நடந்தது இது. அந்த வருடம் எங்கள் தவக்காலமும் முஸ்லிம் சனங்களின் நோன்பும் ஒன்றாக வந்திருந்தன. அன்று வந்த விருந்தாளியைப் பற்றிச் சொல்ல முன், எங்கள் வீட்டில் ஏற்கெனவே வந்து குடியேறியிருந்த எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் கணவர் கடற்றொழில் செய்பவர். படகில் பூட்டும் எங்கள் பழைய எஞ்சின் ஒருநாள் நடுக்கடலில் உயிரை விட்டது. நாட்டில் எல்லாம் விலை ஏறிக் கிடந்த நேரம். வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணா கைகொடுக்க, என் காப்புகளும் கழன்று போக, எப்படியோ ஒரு புது எஞ்சின் வாங்கினோம். அது வந்து இறங்கிய அன்று என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் கலியாணத்தன்றுகூட மனிதர் அப்படிச் சிரிக்கவில்லை. பாதர் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். தண்ணீருக்குள் சுழலும் விசிறிப் பக்கம் ஒரு துளியும் படவில்லை என்று, படலை வாசல் வரை போய்விட்ட பாதரைத் திரும்பக் கூப்பிட்டு வந்தார் என் கணவர்.

எங்கள் கரையில் எஞ்சினைப் படகோடு விட்டுவிட்டு யாரும் வருவதில்லை. கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தையிலோ குசினிப் பக்கமோ வைப்பார்கள். எங்கள் வீட்டில் அது ஹோலுக்கே வந்தது. ஒரு பக்கம் ஜன்னல், உப்புக்காற்று அடிக்கும். மறுபக்கம் பிள்ளைகள் பந்தடிப்பார்கள். மிச்சம் இருந்தது சுரூபத் தட்டுக்குக் கீழே உள்ள சுவர். மேலே இயேசுவின் திரு இருதயமும் மாதாவும், கீழே பனைமரத் தாங்கியில் எஞ்சின். அதன்மேல் போர்த்தியது, நான் பெருநாளுக்கென்று எடுத்து வைத்திருந்த புதுப் படுக்கை விரிப்பு. கடலால் வந்ததும் எஞ்சினைக் கழுவ நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்பார். எங்கள் கிணறு உவர். ஆகவே குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் எஞ்சினுக்குப் போகும், நாங்கள் தேநீருக்குப் பக்கத்து வீட்டில் கேட்போம்.

இதெல்லாம் போகட்டும். வீட்டை விட்டு எல்லோரும் ஒன்றாக வெளிக்கிடுவதும் நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பிள்ளைகளும் முதல் பூசைக்கு, அவர் இரண்டாம் பூசைக்கு. எஞ்சினைத் தனியே விடக்கூடாதாம். நானும் வாய் காட்டிப் பார்த்துவிட்டு, பிறகு பழகிவிட்டேன். கள்ளர் பயம் உள்ள காலம்தானே என்று எனக்கே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் அன்பியச் செபம், வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கூடுவது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வந்து ஹோல் நிறைந்துவிட்டது. சுரூபத் தட்டில் மெழுகுதிரிகளுக்கே இடம் போதாமல், யாரோ ஓர் அக்கா பூச்சாடியை எடுத்து எஞ்சினின் தலையில் வைத்தார். செபமாலை முடியும் நேரம் எல்லோரும் முழந்தாளிட்டுத் தலை குனிந்திருந்தோம். நான் மெல்லத் திரும்பிப் பார்த்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தொப்பியோடு ஒருவர் அசையாமல் நின்றார்.

எருக்கலம்பிட்டியில் இருந்து வந்திருந்தார், என் கணவரின் பழைய கூட்டாளி. அவரும் மீனவர்தான். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். தொண்ணூறில் முஸ்லிம் சனங்களை வெளியேற்றியபோது இடம்பெயர்ந்து, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு படகு வாங்கினவர். செபம் முடியும் வரை வாசலிலேயே நின்றார். முடிந்ததும் நோன்பு துறக்கும் நேரமும் சரியாக வந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். மடியில் இருந்த பேரீச்சம்பழத்தை எடுத்துக் கடித்துவிட்டு, நாங்கள் தவக்காலத்துக்குக் காய்ச்சியிருந்த கஞ்சியையும் வாங்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். வந்திருந்தவர்களும் கஞ்சிக் கோப்பைகளோடு சுற்றி இருந்தார்கள்.

நானா எஞ்சினைப் பார்த்தார். பூச்சாடியைப் பார்த்தார். பிறகு என் கணவரிடம் மிக மரியாதையாகக் கேட்டார்: "தம்பி, புது எஞ்சினுக்கு ஏதும் நேர்த்தி வச்சனீங்களோ? எல்லாரும் அதுக்கு முன்னால முழங்கால்ல நிண்டியள், அதான் கேட்டனான்."

ஹோல் முழுவதும் சிரிப்பு. கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரை ஏறிவிட்டது. எங்கள் சின்ன மகள் "ஓம் மாமா, அப்பா படுக்க முதல் அதைத் தொட்டுச் சிலுவை போடுறவர்" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள். நானாவுக்கு ஏன் சிரிக்கிறோம் என்றே விளங்கவில்லை. எங்கள் சமயத்தைப் பற்றித் தப்பாக ஏதும் கேட்டுவிட்டோமோ என்று பாவம் மனிதர் கலங்கிப்போனார். சிரிக்காமல் இருந்த மற்ற ஆள் என் கணவர்.

சனம் கலைந்த பிறகுதான் நானா வந்த காரியத்தைச் சொன்னார். அவருடைய எஞ்சின் பழுது. உதிரிப்பாகம் பெருநாள் முடிந்துதான் வருமென்று கடையில் சொல்லிவிட்டார்கள். எங்கள் பழைய எஞ்சின் இருந்தால் அதில் இருந்து ஏதாவது கழற்றலாமா என்று கேட்டு வந்திருந்தார். அதைத்தான் நாங்கள் எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோமே. "பரவாயில்லை தம்பி" என்று எழுந்தார். படகை வாங்க ஓர் ஆள் திங்கட்கிழமை வருகிறாராம். கடலுக்குப் போகாமல் இனியும் வீட்டை ஓட்ட முடியாது, படகைக் கொடுத்துவிட்டு வேறு யாருடைய படகிலாவது கூலிக்கு ஏறப்போகிறேன் என்றார். புது எஞ்சினைத் தாருங்கள் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் பக்கம் வலை கேட்பார்கள், எண்ணெய் கேட்பார்கள். எஞ்சின் யாரும் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதுமில்லை.

அவர் போன பிறகு என் கணவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"அந்த மனிசன் பகிடிக்குக் கேட்டதோ, உண்மையாக் கேட்டதோ?"

"உண்மையாத்தான். நாங்கள் ஆரைக் கும்பிடுறம் எண்டு அவருக்குத் தெரியாதுதானே" என்றேன்.

"எனக்கும் தெரியேல்லைப் போல கிடக்கு" என்றுவிட்டுப் போனார்.

மறைக்கல்வியில், சனங்கள் ஆண்டவரை மறந்து வார்த்துக் கும்பிட்ட பொன் கன்றுக்குட்டிக் கதையைப் படித்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். விக்கிரகம் என்றால் வேறு யாரோ, எந்தக் காலத்திலோ கும்பிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்கு நானே படுக்கை விரிப்பும் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

சனிக்கிழமை காலை அவர் எஞ்சினைத் தூக்கி அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். பிறகு குசினி வாசலில் வைத்தார். அங்கே நான் தடக்கி விழப் பார்த்தேன். பிறகு விறாந்தைக்குக் கொண்டுபோனார். கடைசியில் களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்து, "எங்க வச்சாலும் கண் அங்கதான் போகுது" என்றார். பிறகு எழுந்து, சந்தியில் பெட்டி பூட்டிய சின்ன உழவு மெஷினோடு நிற்கும் லான்ட்மாஸ்டர்காரருக்குப் போன் எடுத்தார்.

எங்கள் ஊரில் சனி பின்னேரம் தொடங்கி ஞாயிறு பின்னேரம் வரை கடலுக்குப் போவதில்லை. அவ்வளவு நேரமும் எஞ்சின் சும்மாதான் கிடக்கும், நானா பூட்டி ஓடட்டும் என்றார். அவர் முன்னால் ஏறிக்கொள்ள, லான்ட்மாஸ்டர் பெட்டியில் நான் உட்கார்ந்து, குலுங்கி விழாமல் எஞ்சினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எருக்கலம்பிட்டி வரை போனேன். வழியில் கண்டவர்கள் எல்லாம் பொம்பிளை எங்கே போகுது என்று கேட்டார்கள். என்னையா கேட்டார்கள், எஞ்சினையா என்று தெரியவில்லை.

நானா முதலில் கையையே நீட்டவில்லை. பின்னால் தள்ளித் தள்ளிப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தொழிலால் படகு மிஞ்சாது தம்பி, வீணாக ஏன் என்றார். என் கணவர் எல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். உதிரிப்பாகம் வரும் வரை ஒவ்வொரு ஞாயிறும் எஞ்சின் இங்கே, மற்ற நாட்களில் நீங்கள் என் படகில் பங்காளி, கூலியாள் இல்லை, வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஓய்வு என்றார். கேட்டுக்கொண்டிருந்த நானாவின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு ஒரு சட்டி நோன்புக் கஞ்சியோடு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் ஒன்றாக முதல் பூசைக்குப் போனோம். என் கணவர் பாட்டுக்குப் பாட்டு வாய் திறந்து பாடினார். சுருதி என்பது அவருக்கும் எங்கள் கோயில் மணிக்கும் தூரத்து உறவு. முன்வரிசைப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கோ அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மத்தியானம் தாண்டியதும் காற்று எழும்பியது. மதியத்துக்கு முன் கரை சேர வேண்டிய நானா சேரவில்லை, போனும் வேலை செய்யவில்லை. நாங்கள் எருக்கலம்பிட்டிக் கரைக்கு ஓடினோம். நானாவின் மனைவி அங்கே தண்ணீர் ஓரத்தில் தனியே நின்றார். கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நான் மனதுக்குள் எஞ்சினையும் நினைத்தேன், மறைக்கவில்லை. என் காப்புகள் அல்லவா அது. பக்கத்தில் என் கணவர் செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"ஆண்டவரே, எஞ்சின் போனாப் போகட்டும். மனிசன் வரவேணும்."

என் கணவர் எதற்காகவும் இத்தனை மனதாரச் செபித்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நானும் என் காப்புகளை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டேன்.

கனநேரத்துக்குப் பிறகு படகு தெரிந்தது. ஆமை வேகத்தில், ஆடி அசைந்து வந்தது. எஞ்சினில் ஏதோ கோளாறு என்றே நினைத்தோம். கிட்ட வந்ததும் பார்த்தால், நானா மேல்சட்டை இல்லாமல் நனைந்து நடுங்கிக்கொண்டு இருக்கிறார். சட்டை எஞ்சினைச் சுற்றிக் கட்டியிருந்தது. படகு நிறையப் பாரை மீன். என் கணவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய் அவரைத்தான் முதலில் பிடித்தார். ஏன் இவ்வளவு மெல்ல வந்தீர்கள், நாங்கள் இங்கே செத்துப் பிழைத்தோம் என்று கத்தினார்.

"அமானிதச் சாமான் தம்பி, நம்பித் தந்தது. முழு வேகத்தில ஓட்டி ஏதும் ஆயிட்டா என்ன பதில் சொல்றது?" என்றார் நானா.

"அது எஞ்சின்தானே, நானா" என்றார் என் கணவர்.

இதைச் சொன்னது என் கணவரா என்று நான் இரண்டாம் தரம் திரும்பிப் பார்த்தேன். சாரம் நனைந்து காலோடு ஒட்டியிருக்க, மனிதர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். எஞ்சின் வந்து இறங்கிய அன்று சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. அன்று மாலை நோன்பு துறக்கும்வரை அங்கேயே இருந்து, அந்தப் பாரைக் குழம்போடு எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை படகு வாங்க வந்தவர் ஒரு தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனாராம். நானாவின் பெருநாளுக்கு நாங்கள் போனோம், எங்கள் உயிர்ப்புப் பெருநாளுக்கு அவர்கள் வந்தார்கள். உதிரிப்பாகமும் வந்து, அவருடைய எஞ்சின் இப்போது அவருடைய விறாந்தையில் இருக்கிறது. எங்களுடையது எங்கள் விறாந்தையில். அந்தப் படுக்கை விரிப்பைக் கழுவிக் கட்டிலில் விரித்துவிட்டேன், எண்ணெய் மணம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

சுரூபத் தட்டுக்குக் கீழே தரையில் எஞ்சின் வடித்த எண்ணெய்க் கறை ஒன்று கறுப்பாகக் கிடக்கிறது. தேய்த்துக் கழுவலாம் என்று நான் போனபோது என் கணவர் விடவில்லை. மாலைச் செபத்துக்கு அவர் முழந்தாளிடுவது அந்தக் கறையின் மேல்தான். போன மாதம் எனக்கு ஒரு புதுத் தையல் மெஷின் வந்தது. எங்கே வைக்கலாம் என்று நான் வாயைத் திறக்க முதலே, "சுரூபத்தடி மட்டும் வேண்டாம், நானா திரும்பவும் வந்து கேப்பார்" என்றார். சிரித்துக்கொண்டே அதைக் குசினிப் பக்கம் தள்ளினேன். ஆனாலும் வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும், இது ஆண்டவருக்கும் எங்களுக்கும் நடுவே நிற்கிறதா என்று நான் ஒருதரம் முழந்தாளிட்டுப் பார்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் நின்றுகொண்டு பார்த்தால் அது தெரிவதில்லை.